பட்டியலுக்கு வரிசை எண்

கேள்வி: நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற உரைத் திருத்தியில் 200 வரிப் பட்டியல். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் வரிசை எண் வேண்டும். மவுஸ் இல்லாமல் முடியுமா?

பதில்: முடியும். முதல் வரியின் தொடக்கத்தில் கர்சரை வைத்து, ஆல்ட், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்தியபடி கீழ் அம்புக்குறியைத் தட்டுங்கள். நீண்ட பட்டியலுக்குப் பேஜ் டவுன் வசதி. இப்போது எதைத் தட்டினாலும் எல்லா வரியிலும் விழும். எண்ணுக்கு ஆல்ட்டுடன் சி தட்டினால் ஒரு பெட்டி திறக்கும்: அதில் தொடக்க எண் 1, வரிக்கு வரி கூடுதல் 1. முன்பூஜ்யத்தையும் தேர்ந்தால் 001, 002 என வரும். கோப்பின் கடைசி வரை எண் போட, வரிகளைத் தேர்ந்தெடுக்கக்கூடத் தேவையில்லை. கர்சர் நிற்கும் வரியிலிருந்தே போட்டுவிடும்.

வரி மடிப்பு (நீண்ட வரியைத் திரை அகலத்துக்கு மடித்துக் காட்டும் வசதி) இயங்கினால் தேர்வு சொதப்பும், முதலில் அணைத்துவிடுங்கள். வரியின் நடுவே தேர்ந்தால் தமிழில் வேறு தலைவலி: ‘ணை’யும் ‘ர’வும் ஒரே அகலமல்ல, தேர்வோ திரையில் நேர்கோடாக இறங்கும். நெடுவரிசை கோணல்மாணலாகும். அந்த வேலைக்கு எக்செல்தான் சரி.