கதம்ப வீட்டை இடித்தால் என்ன?

ஐயாவுக்கு வணக்கம்.

மகன் வீட்டில் சில மாதங்கள் இருப்பதற்காக நியூஜெர்சியின் பெர்கன் கவுண்டிக்கு வந்திருக்கிறேன். காலையில் நடக்கப் போகும் வழியில் ஒரு பழைய பண்ணைவீடு இருந்தது. கீழ்ச்சுவர் சிவப்பு மணற்கல், மேலே மரப்பலகை, முகப்பில் கிரேக்கக் கோயில் பாணியில் வெள்ளைத் தூண்கள், தாழ்வாரத்தின் விளிம்பெல்லாம் மரச் சரிகை. சென்ற வாரம் இடித்துவிட்டார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. மகனோ, "அது டச்சும் இல்லை, இங்கிலீஷும் இல்லை, வெறும் கதம்பம். போனால் என்ன நஷ்டம்?" என்கிறான். என்ன பதில் சொல்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கதம்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் கதம்பமாக இல்லாத பழைய பண்ணைவீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள் உங்கள் மகனை. 1664இல் அந்தப் பகுதியின் ஆட்சி டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயருக்குப் போனது; வீடு கட்டிய கைகள் அதன் பிறகும் பல தலைமுறைக்குப் பழைய பழக்கத்தை விடவில்லை. அதே சமயம், 'டச்சு காலனியப் பாணி' என்று வீட்டு விளம்பரங்களில் வருகிறதே, பாதியில் மடிந்து இறங்கும் கூரை, அதை ஹாலந்தின் கிராமங்களில் தேடினால் சுலபத்தில் அகப்படாது. தொடக்கத்திலேயே கலப்பு.

முதலில் ஓர் அறை அல்லது இரண்டு. பக்கச்சுவர் இல்லாமல் மேலே புகைக்கூண்டு மட்டும் தொங்கும் டச்சு அடுப்பு. பிறகு ஆங்கிலேய அடுப்பு வந்தது. 1830களில் நாடு முழுவதும் கிரேக்க மோகம், தூண்கள் முளைத்தன. இயந்திர ரம்பத்தால் மரச் சரிகை மலிவானதும் அதுவும் ஒட்டிக்கொண்டது. அந்தந்தக் காலத்தில் கையில் காசு இருந்ததற்கும், அடுத்த வீட்டைப் பார்த்து ஆசைப்பட்டதற்கும் இவைதான் சாட்சி.

இடிபாடுகள் இன்னும் கிடந்தால், கேட்டுக்கொண்டு சில ஆணிகளை எடுத்துப் பாருங்கள். கொல்லன் அடித்த ஆணி நான்கு பக்கமும் நுனியை நோக்கிச் சரியும். தலையில் சுத்தியல் பட்ட முகங்கள் தெரியும். ஏறக்குறைய 1800க்குப் பிறகு வந்தது தகட்டிலிருந்து வெட்டிய ஆணி: இரண்டு பக்கம் மட்டும் சரிந்து, நுனி மொட்டையாக இருக்கும். அந்த நூற்றாண்டின் கடைசியில் உருண்டையான கம்பி ஆணி அதை ஓரங்கட்டியது. பழைய உத்தரத்தில் கோடாரி கொத்திய தழும்பு இருக்கும். பிற்காலப் பலகையில் வட்ட ரம்பம் இழுத்த வில் கோடுகள். ஒரே வீட்டில் இத்தனையும் கிடைக்கும். எழுதத் தெரியாத தச்சனும் தேதி போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறான்.

'சுத்தமான' பாணியைத் தேடினால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் நகரின் புரூக்ளினில் ஓர் உதாரணம் உண்டு. யான் மார்டென்ஸ் ஷெங்க் என்பவரின் வீடு, 1675 வாக்கில் கட்டியது. 1952இல் அதைப் பிரித்து, மரங்களைப் பத்தாண்டுக்கு மேல் சேமித்து வைத்து, 1964இல் புரூக்ளின் அருங்காட்சியகத்துக்குள் மீண்டும் நிறுத்தினார்கள். பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் பின்னாளில் சேர்ந்த சமையற்கட்டு, தூண் வைத்த தாழ்வாரம், கூரைச் சன்னல்கள் எதுவும் உள்ளே வரவில்லை. தாழ்வாரம் போனதில் எனக்குப் பெரிய குறையில்லை. சமையற்கட்டுதான் உறுத்துகிறது. 1790 கணக்கெடுப்பின்படி, புரூக்ளின் இருக்கும் கிங்ஸ் கவுண்டியில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அடிமை. பண்ணைவீடுகளின் சமையற்கட்டுகளில் உழைத்தவர்கள், பல சமயம் அங்கேயே படுத்து உறங்கியவர்கள், ஆப்பிரிக்க வம்சாவளியினரான அந்த அடிமைகள். டச்சுத் தச்சனின் உத்தரத்தை மட்டும் காப்பாற்றும்போது அவர்கள் இருந்த இடம் பிற்சேர்க்கையாகிக் கழிந்துவிடுகிறது.

அதே 1964இல் வெனிஸ் நகரில் கூடிய பழங்கட்டடப் பாதுகாப்பு நிபுணர்கள், ஒரு கட்டடத்தில் எல்லாக் காலங்களும் சேர்த்தவற்றை மதிக்க வேண்டும், ஒரே பாணிக்குக் கொண்டுவருவது சீரமைப்பின் நோக்கமல்ல என்று சாசனத்தில் எழுதிவைத்தார்கள். அமெரிக்க அரசின் சீரமைப்பு விதிகளும், தம்மளவில் முக்கியத்துவம் பெற்றுவிட்ட மாற்றங்களைக் காக்கவே சொல்கின்றன. ஆனால் காப்பதற்கு வீடு நிற்க வேண்டுமே! வரலாற்று இடங்களுக்கான அமெரிக்கத் தேசியப் பதிவேட்டில் இடம்பெற்ற வீடாக இருந்தாலும், சொந்தக்காரர் தன் பணத்தில் இடித்தால் அந்தப் பதிவு மட்டும் அவரைத் தடுக்காது. தடுக்கும் அதிகாரம் உள்ளூர்ச் சட்டத்தில் இருந்தால்தான் உண்டு. நஷ்டம் என்ன என்ற கேள்வியை உங்கள் மகன் கேட்க வேண்டிய இடம் உங்கள் ஊர் நகராட்சிக் கூட்டம்.

நீங்கள் ஒன்று செய்யலாம். பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த கட்டடக் கலைஞர்களைக் கொண்டு 1933இல் அமெரிக்க அரசு பழைய கட்டடங்களை அளந்து வரையத் தொடங்கியது. அந்த வரைபடங்களும் புகைப்படங்களும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் 'காங்கிரஸ் நூலகத்தில்' இருக்கின்றன. இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பெர்கன் கவுண்டியின் மணற்கல் வீடுகள் பல அதில் உண்டு. ஊர்ப் பெயரைக் கொண்டு தேடுங்கள். நீங்கள் பார்த்த வீடு அகப்பட்டால் எனக்கும் அனுப்பிவையுங்கள். அதன் சமையற்கட்டு எந்தப் பக்கம் இருந்தது என்று பார்க்க வேண்டும்.