கட்டிலடியில் ஒரு பை

கேள்வி: 2004 சுனாமியில் வீடு இழந்தோம். அப்போது எனக்கு 17 வயது. இன்றும் தோள் இறுகி, நெஞ்சு படபடத்து, இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். கட்டிலடியில் ஒரு பை எப்போதும் ஆயத்தமாக இருக்கும். அதிலுள்ள பிஸ்கட்டை மாதாமாதம் என் 11 வயது மகள்தான் மாற்றுவாள். உடம்பின் உணர்வுகளைக் கவனித்துப் பயத்தைத் தணிக்கும் உடல்வழிச் சிகிச்சை செய்தால் என்னை நான் மீண்டும் உணரலாமாம். கொழும்பில் நடக்கும் பத்து நாள் முகாமுக்குப் போகவா?
- பெயர் வேண்டாம், உப்புவெளி

பதில்: தங்கச்சி, தோளைப் பற்றி எழுதினீர்கள், தூக்கத்தைப் பற்றி எழுதினீர்கள். பிள்ளையைப் பற்றிப் போகிற போக்கில் அரை வரி. 2004இல் பிறந்தே இராதவள், எந்நேரமும் ஓட ஆயத்தமாக இருக்கப் பழகியிருக்கிறாள். பழக்கியவர் நீங்கள். மகளுக்குப் பயத்தைச் சீதனமாகக் கொடுக்க எந்தத் தாய்க்கும் உரிமை இல்லை.

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி வைத்த பை கரையோர வீட்டுக்குத் தேவைதான். அது அலுமாரிக்குள் இருக்கட்டும். பொறுப்பைக் கணவர் எடுக்கட்டும். அவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. பக்கத்தில் படுக்கிற மனிசனை எழுப்பாமல் இத்தனை காலம் தனியே விழித்திருந்தது பெரிய பிழை.

முகாம் வேண்டாம். அமெரிக்கச் சிகிச்சையாளர் பீட்டர் லெவின் வகுத்ததைப் போன்ற உடல்வழி முறைகளில் பயத்தைச் சிறுகச் சிறுகத்தான் தொடுவார்கள். ஒரேயடியாகக் கிளறினால் உடம்பு அந்த நாளுக்கே திரும்பிவிடும். பயிற்சி பெற்றவரிடம் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் போதும். அதற்கு முன் ஆஸ்பத்திரியில் இரத்தமும் தைரொய்டும் பாருங்கள். இரத்தசோகையும் படபடப்பைத் தரும்.

வீட்டில் அந்தப் பையோடுதான் பயிற்சி. பகலில் கதிரையில் இருந்து, இரண்டு பாதத்தையும் சீமெந்துத் தரையில் வையுங்கள். கண்ணை மூட வேண்டாம். மூடினால் அலை வந்துவிடும். கழுத்தை மெல்லத் திருப்பி வாசல், ஜன்னல், முற்றத்து முருங்கை என்று பாருங்கள். பிறகு பையைப் பாருங்கள். எங்கே இறுகுகிறது, வயிறா, தாடையா? அரை நிமிடம் அந்த இடத்தைக் கவனியுங்கள். பிறகு இறுகாத ஓர் இடத்துக்குக் கவனத்தைக் கொண்டு போங்கள், கால் பெருவிரலானாலும் சரி. நாலைந்து தரம் இப்படிப் போய் வாருங்கள், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நடுக்கமோ அழுகையோ வந்தால் அடக்காதீர்கள். உடம்பு மரத்து, அறை தூரத்தில் இருப்பதுபோலத் தெரிந்தால் உடனே நிறுத்தி, எழும்பிக் கிணற்றுத் தண்ணீரில் முகம் கழுவுங்கள்.

பலர் பிழைவிடுவது மூச்சில். "நல்லா இழு" என்றதும் வேகவேகமாக இழுத்து விடுவார்கள். இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து விரல் விறைக்கும், தலை சுற்றும், மாரடைப்பு என்று பயந்துபோவார்கள். மூன்று எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். வெளிமூச்சு நீள நீளத்தான் இதயத்துடிப்பு தணியும்.

பை முதலில் அறை மூலைக்கு, அடுத்த கிழமை வாசற்பக்கம், அதற்கடுத்த கிழமை அலுமாரிக்கு. கார்த்திகை, மார்கழியில் கடல் இரையும்போது நகர்த்த வேண்டாம். பாதமும் மூச்சும் மட்டும். தாங்க முடியாத இரவில் கணவரை எழுப்புங்கள், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள்.

மகள் இனிப் பையைத் தொடக்கூடாது. உள்ளே இருக்கும் பிஸ்கட்டை இன்று பின்னேரமே எடுத்து, அவளோடு இருந்து தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிடுங்கள்.