சோடா விளம்பரம்தானே, கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: கோவையில் இருக்கிறேன். உணவகங்களைப் பற்றி இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போடுகிறேன். ஒரு மதுபான நிறுவனம், தன் பிராந்தியின் பெயரிலேயே வரும் சோடாவுக்கு விளம்பரம் செய்யச் சொல்லி ஒப்பந்தமும் காட்சிக் குறிப்பும் அனுப்பியிருக்கிறது. பிராந்தி என்ற சொல்லே வராதாம். கையெழுத்துப் போடலாமா? எனக்குப் பிடித்ததைப் பேச எனக்குச் சுதந்திரம் இல்லையா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள்.

1951-இல் பால்சாரா வழக்கில், பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தின் பெரும்பகுதி செல்லும் என்ற உச்ச நீதிமன்றம், மதுவைப் பாராட்டுவதையே குற்றமாக்கிய வாசகத்தைக் கருத்துச் சுதந்திரத்துக்கு விரோதம் என்று ரத்து செய்தது. குடிக்கத் தடை, புகழ அனுமதி! வேடிக்கைதான். ஆனால் உங்களுக்கு அது கைகொடுக்காது. காசு வாங்கிக்கொண்டு பேசினால் அது விளம்பரம். மது வியாபாரம் அடிப்படை உரிமையே அல்ல என்று கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிமுறைகள் மறைமுக விளம்பரத்தைத் தடை செய்கின்றன. விளம்பரம் தடை செய்யப்பட்ட பொருளின் (இங்கே பிராந்தியின்) பெயர், லோகோ, நிறம், வடிவமைப்பு இவற்றைக் காட்டி அதையே நினைவூட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். பெயர் ஒன்றாக இருப்பது மட்டுமே குற்றமில்லை என்ற விலக்கும் அதிலேயே உண்டு. நிறுவனம் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். உங்கள் காட்சிக் குறிப்பைப் படித்தேன். சிவப்பும் தங்கமுமான அதே லேபிள், ஐஸ் போட்ட குட்டைக் கிளாஸ், இரவு மாடியில் நண்பர்கள். சோடா பாட்டில் கடைசியில் இரண்டு விநாடி எட்டிப் பார்க்கிறது. இதைச் சோடா விளம்பரம் என்று எந்த அதிகாரியிடமும் என்னால் வாதாட முடியாது.

தவறான விளம்பரத்தில் தோன்றுபவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. ஓராண்டு எந்த விளம்பரத்திலும் தோன்றக் கூடாது என்றும் தடை போடலாம். முன்கூட்டியே நன்றாக விசாரித்தவருக்குச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. அதனால் சோடாவின் உணவு உரிம எண், கடைகளில் உண்மையிலேயே விற்பதற்கான பில்கள் இவற்றை மின்னஞ்சலில் கேட்டு வாங்கி வையுங்கள். ‘எல்லாப் பொறுப்பும் விளம்பரத்தில் தோன்றுபவருடையது’ என்ற ஒப்பந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். அபராதம் வந்தால் நிறுவனம் ஈடுகட்டும் என்று எழுதி வாங்கினாலும், ஆணையத்தின் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

லேபிளையும் காட்சியையும் மாற்றச் சம்மதித்தால் மேற்கொண்டு பேசலாம். அப்போதும் பணம் வாங்கியதை வீடியோவிலேயே கண்ணில் படும்படி போடுங்கள். ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்து வைத்தால் செல்லாது.