கட்டுநாயக்காவில இறங்கப்போன பிளேன் திரும்ப ஏறினது ஏன்?

தங்கச்சி, சென்னையில இருந்து வந்த பிளேன் நிலத்தைத் தொடப்போய்த் திடீரென்று மேலே ஏறினதால, அம்மா இனிப் பறக்கவே மாட்டன் என்கிறா என்று எழுதியிருக்கிறீங்கள். பயம் நியாயம்தான். ஆனா அது விமானி தவறி இறங்கப்போய்த் தப்பினது இல்லை, பழகிச் செய்யிற வேலை. வழமையா 1,000 அடி உயரத்தில, வானம் தெளிவெண்டா 500 அடி உயரத்தில, வேகமும் இறங்கிற வீதமும் சரியா நிக்கவேணும். இல்லாட்டி ஏறத்தான் வேணும். முன்னால இறங்கின பிளேன் ஓடுபாதையை விட்டு விலகாட்டியும் இதுதான்.

அந்த இரைச்சல், ஏறுறதுக்காக எஞ்சின் விசையைக் கூட்டிறது. பிறகு காலுக்குக் கீழ கேட்ட 'கடகட', சில்லுகள் உள்ளுக்கு மடியிற சத்தம். அறிவிப்பு பிந்தினது, அந்த நிமிஷங்களில விமானிகளுக்குக் கை ஓயாத வேலை எண்டதால. எரிபொருளும் கணக்கோடதான்: மாற்று விமான நிலையத்துக்குப் போய், அதுக்கு மேல 30 நிமிஷம் பறக்கக் காணும். அடுத்தமுறை அம்மாவைச் செட்டைக்குக் கிட்ட இருத்துங்கோ, அங்க ஆட்டம் குறைவு.