டிஸ்பிராக்சியா உள்ள பெரியவர்களுக்கு வேலையில் நிலைப்பது ஏன் கடினமாகிறது?

டிஸ்பிராக்சியா என்பது, செய்ய நினைத்த அசைவை மூளை திட்டமிட்டு ஒழுங்குபடுத்துவதில் சிறுவயது முதலே இருக்கும் சிக்கல். கைகால்களின் வலுக்குறைவால் வருவதன்று. சைக்கிள் பழகிய முதல் நாளில் ஹேண்டில், பெடல், பிரேக் என ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்துச் செய்தோமே, அந்த நிலை இவர்களுக்குப் பல வேலைகளில் நெடுநாள் நீடிக்கிறது. அதனால்தான், கணக்கில் பிழையே விடாத ஒருவர்கூட, தொலைபேசியில் பேசிக்கொண்டே குறிப்பெடுக்கும்போது எழுத்து கோணலாகி, பாதிச் செய்தியைத் தவறவிடுகிறார்.

வேலை தேடும்போது, விரைவான கைவேலையைவிடத் தம் வேகத்தில் முடிக்கக்கூடிய பணி பலருக்குப் பொருந்தும். சேர்ந்தபின், வாய்மொழிக் கட்டளைகளை எழுத்தில் கேட்டுப் பெறுவதும், கையெழுத்துக்குப் பதிலாகத் தட்டச்சு செய்வதும், புதிய கருவியைப் பழகக் கூடுதல் நாள் கேட்பதும் உதவும். முதல் தவறு நேர்வதற்கு முன்பே மேலாளரிடம் சொல்லிவிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

இதை அறிவுக்குறைவு என்றோ அக்கறையின்மை என்றோ பலர் கருதுகின்றனர். டிஸ்பிராக்சியா அறிவுத்திறனைக் குறைப்பதில்லை.