மட்டக்களப்பில் மைதானமே இல்லாமல் கோல்ப் ஸ்விங் வேகத்தையும் அடியையும் கூட்ட முடியுமா?

கேட்ட தம்பி மென்பந்து கிரிக்கெட் ஆடியவராம். இப்போது கோல்ப் பழகுகிறார். முழுப்பலத்தோடு சுழற்றியும் பந்து தூரம் போவதில்லை, ஊரில் மைதானமும் இல்லை என்கிறார். வளைகுடாவில் ஒரு கோல்ப் பயிற்சித் திடலில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், உங்களுக்குக் குறை வேகத்தில் இல்லை. மென்பந்தில் ஆறு அடித்த கைக்கு வேகம் இருக்கும். கிரிக்கெட் மட்டை ஒரு கிலோவுக்கு மேல். கோல்ப் மட்டையைக் கிளப் என்பார்கள், அதில் ஆகத் தூரம் அடிக்கிற நீளமான டிரைவர் 300 கிராம் சொச்சம்தான்.

பந்து கிளப்பில் ஒட்டியிருப்பது ஒரு விநாடியில் ஏறத்தாழ 2,000இல் ஒரு பங்கு நேரம். அந்த நேரத்தில் கிளப் முகத்தின், அதாவது பந்தில் படும் தட்டைப் பக்கத்தின், நடுவில் பட்டால், கிளப் தலையின் வேகத்தைப் போல ஒன்றரை மடங்கில் பந்து கிளம்பும். டிரைவரில் அதுதான் உச்சம். அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைச் சுற்றில் டிரைவர் வேகத்தின் சராசரி மணிக்கு 150 கிலோமீற்றர் அளவில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடும் சாதாரண ஆணின் வேகமும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் அந்தப் பெண்களின் பந்து 225இல் பறக்கும், நம்முடையது பறக்காது. ஓரத்தில் பட்டு மடங்கு 1.35க்கு இறங்கினால் கிடைப்பது 202. அந்த நட்டத்தை வேகத்தால் ஈடுகட்ட 167இல் சுழற்ற வேணும். சில மாதத்தில் 17 கிலோமீற்றர் கூட்டுவதைவிட நடுவில் அடிக்கப் பழகுவது எவ்வளவோ லேசு.

அதைப் பழக நம்ம கடற்கரை போதும். பயிற்சித் திடல்களில் விரித்திருக்கும் செயற்கைப் பாயை நான் நம்புவதில்லை. பந்துக்குப் பின்னால் நிலத்தில் அடித்தாலும் கிளப் பாயில் வழுக்கிப்போய்ப் பந்தில் பட்டுவிடும். அடித்தவர் நல்ல அடி என்று சந்தோசப்படுவார். மணலில் அந்த வேலை நடக்காது.

கல்லடியிலோ நாவலடியிலோ அலை வந்து நனைத்துப் போன இறுக்கமான மணலில் நில்லுங்கள். இரண்டு பாதங்களுக்கும் நடுவில், பந்து போக வேண்டிய திசைக்குக் குறுக்காக ஒரு கோடு கீறுங்கள். பந்து வேண்டாம். ஏழாம் இலக்க ஐயனால் (இரும்புத் தலை வைத்த நடுத்தர கிளப்) அரை ஸ்விங் செய்யுங்கள். மணல் பெயரத் தொடங்கும் இடம் கோட்டிலோ, பந்து போகும் பக்கமாக அதற்குச் சற்று முன்னாலோ இருக்க வேணும். கோட்டுக்குப் பின்னால் பெயர்ந்தால் பெரும்பாலும் பாரம் பின்காலிலேயே தங்கிவிட்டது, அல்லது மணிக்கட்டு அவசரப்பட்டு அவிழ்ந்துவிட்டது. கிரிக்கெட்காரருக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. பந்தைத் தேடி முன்னால் போன பழக்கத்தில் தலையும் சேர்ந்து நகரும், அடிக்கு அடி கீறல் இடம் மாறும். ஐயனில் பந்து முதலில், நிலம் மறுகா. டிரைவர் வேறு கணக்கு. பந்து டீ என்ற சின்ன முளையில் உயர்ந்து நிற்பதால் சற்று மேல்நோக்கிப் போகும்போது பட வேணும், பந்தை முன்காலின் குதிக்கு நேரே வையுங்கள்.

கடற்கரையில் உண்மையான பந்து அடிக்கவே கூடாது. அதிகாலையில் கரைவலை இழுக்கிறவர்கள் நிற்பார்கள். 45 கிராம் பந்து ஆளில் பட்டால் விளையாட்டு இல்லை. துளை போட்ட பிளாஸ்டிக் பந்து போதும், அதுவும் காலையில் மட்டும். கச்சான் காற்று எழும்பினால் அதை எங்கே தேடுவது? பழைய கிளப்பையே கொண்டுபோங்கள், வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள், உப்பு சும்மா விடாது.

வளவில் இடம் இருந்தால் கண் சிறிதான தடித்த நைலோன் வலையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, பின்னால் சாக்குப் படங்கும் கட்டி உண்மையான பந்தை அடிக்கலாம். வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரால் பந்தில் ஒரு புள்ளி குத்தி, அந்தப் பக்கம் கிளப்பைப் பார்க்க வையுங்கள். அடித்ததும் எங்கே பட்டது என்று முகத்தில் அச்சு விழும். அச்சுகள் நடுவைச் சுற்றி நெருங்கிய பிறகு வேகத்துக்குப் போகலாம்.

வாவியில் வீச்சுவலை எறிகிறவரைப் பார்த்திருப்பீர்கள். காலை ஊன்றி, இடுப்பு கிறுகி, தோள் கிறுகி, கடைசியில்தான் கை விடும். கையால் மட்டும் எறிந்தால் வலை விரியாது. ஸ்விங்கிலும் அதே வரிசை. கிளப் இறங்கும் முன்பே பாரம் முன்காலுக்கு வந்து இடுப்பு திறக்கத் தொடங்க வேணும். கிரிப்பை இறுக்கிப் பிடித்தால் இந்த வரிசை குலையும்.

வேகத்துக்கான பயிற்சி எளிது. கிளப்பைத் தலைகீழாக, தலைப் பக்கம் பிடித்து, பந்து இல்லாமல் முழு வேகத்தில் சுழற்றுங்கள். பாரம் குறைவதால் உடம்பு வழக்கத்தைவிட வேகமாக அசையப் பழகும். ‘விர்ர்’ என்ற சத்தம் பந்து இருக்கும் இடத்திலோ அதைத் தாண்டியோ கேட்க வேணும். வலது தோளருகே கேட்டால் வேகத்தை வீணாக்கிவிட்டீர்கள் (இடக்கைக்காரர் மாற்றி வாசிக்கவும்). சில வீச்சு, நல்ல ஓய்வு, திரும்பச் சில வீச்சு. களைத்துப்போய் வீசினால் உடம்பு மெதுவாக வீசத்தான் பழகும். கிழமைக்கு மூன்று நாள், உடம்பைச் சூடாக்கிவிட்டு. முதுகு பிடித்தால் அன்றைக்கு நிறுத்துங்கள்.

உண்மையான புல்லில் அடிக்க நமக்குக் கிட்ட இருப்பது சீனக்குடாவில் விமானப்படை நடத்தும் ஈகிள்ஸ் மைதானம். வாகரை, மூதூர் வழியாக ஏ15 வீதியில் போகலாம். மகியங்கனைப் பாதையில் 18 வளைவு ஏறிக் கண்டிப் பக்கம் போகிறவர்களுக்குத் திகனையில் விக்டோரியா கோல்ப் மைதானம் இருக்கிறது. எங்கே போனாலும் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். முதல் நாள் ஏழாம் இலக்க ஐயனைத் தவிர வேறு எதையும் பையிலிருந்து எடுக்க வேண்டாம்.