எந்தக் கொழுப்பு உடம்பை இளைக்க வைக்கும்? கேள்வி பதில்

கால்நடைத் தீவனம் பற்றிப் படித்து, அதையே தொழிலாகக் கொண்டவன் நான். தின்னும் கொழுப்பின் வகையைப் பொறுத்து விலங்குகளின் உடம்புக் கொழுப்பு குறையுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு 9 கலோரிதானே சார்? வகையில் என்ன இருக்கிறது?

பதில்: கணக்கு ஏறக்குறைய சரி. ஆனால் உடம்புக்குள் எல்லாக் கொழுப்பும் ஒரே வழியில் போவதில்லை. 8, 10 கார்பன் உள்ள கொழுப்பு அமிலங்கள் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய், பெரும்பாலும் அங்கேயே எரிந்துவிடும். அதைவிட நீளமானவை நிணநீர் வழியாகச் சுற்றி வரும். மிஞ்சியது கொழுப்புத் திசுவில் தங்கும். தங்கியது வெளியே வருவதிலும் பேதம் உண்டு. 1990களில் பிரான்சில் எலிகளின் கொழுப்புச் செல்களைச் சோதித்தபோது, ஒரே நீளமுள்ள அமிலங்களில் இரட்டைப் பிணைப்பு அதிகம் உள்ளவை சுலபமாகக் கழன்று வந்தன. நீளம் கூடக்கூட வெளியேறுவது குறைந்தது. மீன் எண்ணெயில் உள்ள இபிஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலம் சுலபமாக வெளியேறும் கூட்டத்தைச் சேர்ந்தது.

கேள்வி: ஜிம்மில் சிஎல்ஏ (கான்ஜுகேட்டட் லினோலெயிக் ஆசிட் என்ற கொழுப்பு அமிலம்) மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்கள். சுண்டெலிகளுக்குக் கொழுப்பு பாதியாகக் குறைந்ததாமே?

பதில்: பாதிக்கும் மேலே குறைந்தது, உண்மை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பரிசாவின் குழு, சுட்ட மாட்டிறைச்சியில் புற்றுநோய் உண்டாக்கும் பொருளைத் தேடப்போய், அதைத் தடுக்கும் பொருளாகக் கண்டெடுத்ததுதான் சிஎல்ஏ. அதே குழு 1997இல் வெளியிட்ட ஆய்வில், தீவனத்தில் 0.5 சதவீதம் சிஎல்ஏ கலந்ததும் சுண்டெலிகளின் உடம்புக் கொழுப்பு ஏறத்தாழ 60 சதவீதம் குறைவாக இருந்தது. இந்த வேலையைச் செய்வது சிஎல்ஏவில் ஒரு வகை மட்டுமே: ட்ரான்ஸ்-10, சிஸ்-12 (இரட்டைப் பிணைப்புகள் இருக்கும் இடத்தையும் வடிவத்தையும் சொல்லும் பெயர்).

சரி, அந்தக் கொழுப்பு எங்கே போனது? இதை அவசியம் கேட்க வேண்டும். அடுத்தடுத்த ஆய்வுகளில் சுண்டெலிகளின் கொழுப்புச் செல்கள் அழிந்ததும், கல்லீரல் வீங்கிக் கொழுப்பேறியதும், இன்சுலின் எகிறியதும் தெரிந்தன. சேமித்து வைக்க இடமில்லாத கொழுப்பு கல்லீரலில் போய் அடைந்துகொண்டது. இதை ஆரோக்கியமான இளைப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுண்டெலியைவிடப் பெரிய இனமான எலிகளிடம்கூட இந்த விளைவு மட்டுப்படுகிறது. மனிதர்களிடம் நடந்த சோதனைகளை 2007இல் தொகுத்துப் பார்த்தபோது, நாளுக்கு 3.2 கிராம் சாப்பிட்டவர்களுக்கு வாரம் சுமார் 90 கிராம் கொழுப்புதான் கூடுதலாகக் குறைந்திருந்தது. அந்தக் காசுக்கு மாத்திரை வாங்க நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: ஐயா, என் கறவை மாட்டுக்குத் தீவனத்தைக் கூட்டி, எண்ணெயும் சேர்த்தேன். பால் குறையவில்லை, ஃபேட் மட்டும் இறங்கிவிட்டது. ஏன்?

பதில்: மேலே சொன்ன அதே ட்ரான்ஸ்-10, சிஸ்-12 தான் காரணமாக இருக்கும். மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிரிகள் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களை மாற்றி அமைக்கும். நார் போதுமான அளவு இருந்தால், பாலுக்கு வரும் சிஎல்ஏவில் பெரும்பகுதி தொந்தரவு இல்லாத சிஸ்-9, ட்ரான்ஸ்-11 வகை. தானியமும் எண்ணெயும் கூடி, வைக்கோலும் பசும்புல்லும் குறைந்தால், நுண்ணுயிரிகளின் வேலை தடம் மாறும். அப்போது உருவாகும் ட்ரான்ஸ்-10, சிஸ்-12, மிகச் சிறிய அளவிலேயே மடியில் கொழுப்பு உருவாவதை அடக்கிவிடும்.

ஆனால் மாடு இளைப்பதில்லை. பாலுக்குப் போகாத சக்தி அதன் உடம்பிலேயே கொழுப்பாகத் தங்கவும் கூடும். சுண்டெலியை உருக்கிய அதே பொருள் மாட்டிடம் இப்படி நடந்துகொள்கிறது! ஒரு விலங்கின் முடிவை இன்னொன்றுக்குத் தூக்கிப் போடாதீர்கள் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான். நீங்கள் எண்ணெயை நிறுத்தி, நார்த்தீவனத்தைக் கூட்டுங்கள். சில வாரங்களில் ஃபேட் ஏறும்.

கேள்வி: எங்கள் லாப்ரடார் குண்டாகிவிட்டது. தினமும் தேங்காய் எண்ணெய் கொடுத்தால் இளைக்குமா?

பதில்: இளைக்காது. தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம். அதில் பெரும்பகுதி நீளமான கொழுப்புகளைப் போலவே நிணநீர் வழியாகத்தான் போகும். நேரே கல்லீரலுக்குப் போகும் 8, 10 கார்பன் அமிலங்கள் சுமார் 15 சதவீதம்தான். இருக்கிற சாப்பாட்டின் மேல் ஒரு டீஸ்பூன் ஊற்றினால் 40 கலோரி கூடும், அவ்வளவுதான். கொழுப்பு அதிகமானால் சில நாய்களுக்குக் கணைய அழற்சியும் வரும். சாப்பாட்டை அளந்து வையுங்கள். வாரம் எடையில் 1 முதல் 2 சதவீதம் குறைந்தால் போதும்.

கேள்வி: மீன் எண்ணெய்?

பதில்: பன்றிக் கொழுப்புக்குப் பதிலாக மீன் எண்ணெய் தின்ற எலிகளுக்கு வயிற்றுக் கொழுப்பு குறைவாகச் சேர்ந்தது. சேராமல் தடுப்பது வேறு, சேர்ந்ததைக் கரைப்பது வேறு. நாய்க்கு மூட்டுவலி இருந்தால் மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள், இளைப்பதற்காக வேண்டாம்.

கேள்வி: பிராய்லர் கோழியில்?

பதில்: மாட்டுக் கொழுப்புக்குப் பதில் சூரியகாந்தி எண்ணெய் கலந்த தீவனத்தில் வயிற்றுக் கொழுப்பு குறைகிறது. ஆனால் இருக்கும் கொழுப்பு இளகிப்போகும்.

கேள்வி: பூனையை இளைக்க வைக்க இரண்டு நாள் பட்டினி போடலாமா அண்ணா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். குண்டான பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே உடம்புக் கொழுப்பு மொத்தமாகக் கிளம்பிக் கல்லீரலில் அடைந்து உயிருக்கே ஆபத்தாகும். விலங்குக் கொழுப்பை அடியோடு நிறுத்தவும் கூடாது. அதற்குத் தேவையான அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைப் பூனையின் உடம்பு போதுமான அளவு தானே தயாரித்துக்கொள்ளாது. அளவை மெல்ல மெல்லக் குறையுங்கள். உங்கள் பூனை ஏற்கெனவே ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால், இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.